காசு குடுத்தது நீங்க, சுவிட்ச் யார் கையில?



சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ் வந்ததும் நாம எல்லாரும் மனசுக்குள்ள ஒரு கணக்கு போடுவோம். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்புறது, பைக் ஈஎம்ஐ, சீட்டுப் பணம், எஸ்ஐபி. எல்லாம் பெரிய தொகை, அதனால மறக்காது. ஆனா அதே அக்கவுண்ட்ல இருந்து 59, 149, 299னு சின்னச் சின்னதா போற பிடித்தங்களை அந்தக் கணக்குல யாரும் சேர்க்கிறதில்ல. ரெண்டு ஓடிடி, ஒரு மியூசிக் ஆப், கிளவுட் ஸ்டோரேஜ், ஒரு கேம் பாஸ், எப்பவோ ஒரு ரெஸ்யூம் பண்றதுக்காக எடுத்த எடிட்டிங் ஆப். தனித்தனியா பார்த்தா ஒரு டீ, பஜ்ஜி காசுதான். மொத்தமா கூட்டிப் பார்த்தா சில பேருக்கு அது ஒரு எஸ்ஐபி அளவுக்கு வரும்.

வழக்கமா நம்ம சேனல்ல மியூச்சுவல் ஃபண்ட், டாக்ஸ், இன்ஷூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் ரூட்டை மாத்தி, எனக்கு ரொம்பப் பிடிச்ச டெக் பக்கம் போகலாம்னு இருக்கேன். சாஃப்ட்வேர், கேம், டிவி, செக்யூரிட்டி. "எல்லாத்தையும் கேன்சல் பண்ணுங்க, காசை மிச்சம் பிடிங்க"ன்னு அட்வைஸ் பண்ணப் போறதில்ல. கேம் ஆடுறதும் சீரிஸ் பார்க்கிறதும் எனக்கும் பிடிக்கும். உழைச்சு சம்பாதிக்கிறவங்களுக்கு அந்த சந்தோஷம் வேணும்.

நான் சொல்ல வர்றது ஒரு விஷயம்தான். டிஜிட்டலா எதுக்குக் காசு கட்டினாலும் ஒரு கேள்வி கேளுங்க: இதை ஆஃப் பண்ற சுவிட்ச் யார் கையில இருக்கு? கம்பெனி கையில இருந்தா நீங்க கட்டுறது வாடகை. வாடகைக்கு ஒரு அளவு வேணும். உங்க கையில இருந்தா, அதைப் பத்திரமா பார்த்துக்கிற வேலையும் உங்களோடது. நம்மள்ல நிறைய பேர் முதல் விஷயத்துக்குக் காசை அள்ளி விடுறோம், ரெண்டாவதுக்குப் பத்து நிமிஷம் கூட ஒதுக்குறதில்ல. எனக்கு இருக்கிற வருத்தமே இதுதான்.

சாஃப்ட்வேர்: சொந்த வீடு போய் வாடகை வீடு வந்த கதை

ஒரு காலத்துல சாஃப்ட்வேர்னா சிடி. ஒரு தடவை காசு குடுத்து வாங்கினா, கம்ப்யூட்டர் உயிரோட இருக்கிற வரைக்கும் ஓடும். 2013ல அடோபி கம்பெனி, கிரியேட்டிவ் சூட் 6தான் கடைசி, இனிமே எல்லாமே மாசச் சந்தாதான்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியா அந்த வழிக்கு வந்தாச்சு. இன்னைக்கு பிடிஎஃப்ல ரெண்டு பக்கத்தைச் சேர்க்கிற ஆப் கூட மாசச் சந்தா கேட்குது.

சந்தாவே தப்புன்னு நான் சொல்லல. தொடர்ந்து அப்டேட் வேணும்னா தொடர்ந்து காசு கட்டணும், அது நியாயம்தான். பிரச்சனை, வெளிய வர்ற கதவை எங்க வெச்சிருக்காங்கன்றதுலதான். 2024 ஜூன்ல அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் இதே அடோபி மேல வழக்கு போட்டுச்சு. மாசாமாசம் கட்டுற மாதிரி தெரியுற பிளான் உண்மையில ஒரு வருஷ ஒப்பந்தம், நடுவுல நிறுத்தினா அபராதம் உண்டு, அதை சரியா வெளியில சொல்லலன்றதுதான் குற்றச்சாட்டு. இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. எந்தச் சந்தா எடுத்தாலும் "மாசாமாசம்"ன்ற வார்த்தையைப் பார்த்து நிம்மதி ஆகாதீங்க. அது மாச ஒப்பந்தமா, இல்ல வருஷ ஒப்பந்தத்தைத் தவணையில கட்டுறதான்னு பாருங்க.

காசு கட்டி வாங்கினதுக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. விண்டோஸ் 10க்கு இலவச செக்யூரிட்டி அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னு போச்சு. உங்க லேப்டாப் அடுத்த நாளும் நல்லாத்தான் ஓடியிருக்கும். ஆனா விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும், மைக்ரோசாஃப்ட் ஏத்துக்கிற பிராசஸரும் வேணும். அது இல்லாத பழைய லேப்டாப்புகள், உடையாம, ரிப்பேர் ஆகாம, அப்படியே ஓரம் கட்டப்படுது. கூடுதலா ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வாங்குற வழி இருக்கு, அதுவும் 2026 அக்டோபர் வரைக்கும்தான். அந்த மாதிரி லேப்டாப் வீட்ல இருந்தா, புதுசு வாங்க ஈஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி லினக்ஸ் மின்ட் மாதிரி ஒரு இலவச ஓஎஸ் போட்டுப் பாருங்க. பிரவுசர், மெயில், தம்பி தங்கச்சி படிப்பு, இதுக்கெல்லாம் தாராளமா போதும்.

சாஃப்ட்வேர்ல என்னோட ரூல் ரொம்ப சிம்பிள். எனக்குச் சம்பாதிச்சுக் குடுக்கிற சாஃப்ட்வேருக்குத் தயங்காம காசு கட்டுவேன். மத்ததுக்கு முதல்ல இலவச மாற்று இருக்கான்னு பார்ப்பேன். லெட்டர், எக்ஸெல் ஷீட் மாதிரி வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ், வீடியோ பார்க்க விஎல்சி, போட்டோ எடிட்டுக்கு ஜிம்ப். இதெல்லாம் ஓபன் சோர்ஸ். டவுன்லோட் பண்ணி வெச்சுட்டா, நாளைக்கு யாரும் தூரத்துல இருந்து ஆஃப் பண்ண முடியாது.

கேம்: வாங்கினது கேமா, டிக்கெட்டா?

இந்தச் சுவிட்ச் விஷயம் ரொம்பப் பச்சையா தெரிஞ்சது கேமிங்லதான். யூபிசாஃப்ட் 2014ல 'தி க்ரூ'ன்னு ஒரு கார் ரேஸ் கேம் விட்டாங்க. முழு விலை குடுத்து நிறைய பேர் வாங்கினாங்க. தனியா ஓட்டினாலும் அது கம்பெனி சர்வரோட பேசிக்கிட்டேதான் இருக்கணும். 2024 மார்ச் 31ல சர்வரை நிறுத்தினாங்க, கேமும் செத்துப் போச்சு. டிஸ்க் கையில வெச்சிருந்தவங்களுக்கும் அதே கதி. கடுப்பான ராஸ் ஸ்காட்ன்ற யூடியூபர் ஆரம்பிச்ச இயக்கம், ஐரோப்பாவுல 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிருச்சு. அவங்க கேட்கிறது பெருசா ஒண்ணுமில்ல. சப்போர்ட்டை நிறுத்துறப்போ, வாங்கினவங்க ஆடுற நிலையில கேமை விட்டுட்டுப் போங்க, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவுல ஒரு சட்டமே வந்தது. லைசென்ஸ் மட்டும் குடுக்கிற டிஜிட்டல் பொருளுக்கு, அதைத் தெளிவா சொல்லாம "வாங்குங்க"ன்னு பட்டன் வைக்கக் கூடாது. 2025 ஜனவரி 1ல இருந்து அது அமல்ல இருக்கு. அதுக்கு முன்னாடியே, 2024 அக்டோபர்ல, ஸ்டீம் கடையில காசு கட்டுற பக்கத்துல ஒரு வரி சேர்ந்துச்சு: நீங்க வாங்குறது ஒரு லைசென்ஸ்தான். ஸ்டீம் ஒப்பந்தப்படி உங்க அக்கவுண்ட்டை இன்னொருத்தருக்கு விற்கவோ மாத்திக் குடுக்கவோ முடியாது. பத்து வருஷமா சேர்த்த லைப்ரரியா இருந்தாலும், அதை சொத்துக் கணக்குல எழுத முடியாது.

நல்ல உதாரணமும் ஒண்ணு இருக்கு. கூகுள் ஸ்டேடியான்னு ஒரு கிளவுட் கேமிங் சேவை, 2019ல வந்து 2023 ஜனவரியில மூடியாச்சு. மூடுறப்போ கூகுள் ஸ்டோர்ல வாங்கின கருவிக்கும், ஸ்டேடியா கடையில வாங்கின கேமுக்கும் பணத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. பாராட்டணும். ஆனா அது அந்தக் கம்பெனி எடுத்த முடிவு. ஒவ்வொரு கம்பெனியும் அப்படி செய்யும்னு நம்பி பட்ஜெட் போட முடியாது.

அதனால கேம் வாங்குறதை சினிமா டிக்கெட் மாதிரி நினைங்க. இப்போ ஆடப் போறீங்களா, வாங்குங்க. "சேல்ல 75 சதவீதம் தள்ளுபடி, பின்னாடி ஆடிக்கலாம்"னு வாங்கிக் குவிச்சா, பார்க்காத படத்துக்கு டிக்கெட் வாங்கி அடுக்குற கணக்குதான். ரொம்பப் பிடிச்ச கேம், எப்பவும் வேணும்னு தோணினா, ஜிஓஜி மாதிரி கடையில பாருங்க. அங்க இன்ஸ்டாலர் ஃபைலையே டவுன்லோட் பண்ணி ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்கலாம். கன்சோல் வெச்சிருக்கிறவங்களுக்கு டிஸ்க் இன்னும் நல்ல வழி. ஆடி முடிச்சதும் பாதி விலைக்காவது விற்கலாம்.

பணம் வெச்சு ஆடுற கேம் பத்தியும் ஒரு வார்த்தை. அது கேமிங் கணக்குலயே வராது. ரம்மி, போக்கர், ஃபேன்டஸின்னு நம்ம ஊர் பசங்க சம்பளத்தை இழந்த கதை ஒண்ணு ரெண்டு இல்ல. தமிழ்நாடு 2022லயே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களையே நாடு முழுக்கத் தடை பண்ற சட்டத்தை நிறைவேத்துச்சு. இன்னமும் டெலிகிராம்ல லிங்க் அனுப்பி, வெளிநாட்டு ஆப்ல ஆடக் கூப்பிடுறவங்க இருக்காங்க. அங்க பணம் போட்டா சுவிட்ச் யார் கையில இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கமே போகாதீங்க பாஸ்.

டிவி: நீங்க பார்க்கிறீங்க, அதுவும் உங்களைப் பார்க்குது

2023 டிசம்பர்ல பிளேஸ்டேஷன் பயனர்களுக்கு சோனிகிட்ட இருந்து ஒரு அறிவிப்பு. நீங்க காசு குடுத்து வாங்கின டிஸ்கவரி நிகழ்ச்சிகள் எல்லாம் டிசம்பர் 31ஓட உங்க லைப்ரரியில இருந்து போயிடும்னு. வாடகைக்கு எடுத்தது இல்ல, "வாங்கினது". பெரிய எதிர்ப்பு கிளம்பின பிறகு, புது ஒப்பந்தம் போட்டுட்டோம்னு சொல்லி முடிவை மாத்திக்கிட்டாங்க. இந்தத் தடவை தப்பிச்சது. ஆனா சுவிட்ச் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

சந்தாவுல இதைவிட அமைதியா நடக்கும். விலை அதே இருக்கும், கிடைக்கிறது குறையும். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில இந்தியாவுல பாஸ்வேர்டு பகிர்றதுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17ல இருந்து இங்க விளம்பரம் போட ஆரம்பிச்சுது. விளம்பரம் வேணாம்னா மாசம் 129 அல்லது வருஷம் 699 ரூபாய் தனியா கட்டணும்னு சொன்னாங்க. வருஷச் சந்தா கட்டி நிம்மதியா இருந்தவங்களுக்கு, நடுவழியில பஸ்ல விளம்பரம் போட்ட மாதிரி ஆயிடுச்சு. சட்டப்படி அவங்க செஞ்சதுல தப்பு இருக்கான்றது வேற பேச்சு. வாடகை வீட்ல ஓனர் மோட்டார் டைமை மாத்தினா என்ன பண்ணுவோமோ, அதுதான் இங்கயும். ஒத்துக்கணும், இல்லன்னா காலி பண்ணணும்.

காலி பண்றது இங்க ரொம்ப ஈஸி. அட்வான்ஸ் கிடையாது, லோடு வண்டி வேணாம். அதனால நான் சொல்ற முறை, ஒரு நேரத்துல ஒரு ஓடிடி. இந்த மாசம் ஒண்ணு, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிச்சதும் நிறுத்திட்டு, அடுத்த மாசம் இன்னொண்ணு. ஜூலையில வந்த சீரிஸ் செப்டம்பர்லயும் அங்கதான் இருக்கும். ஐபிஎல் மாதிரி நேரலை மட்டும்தான் விதிவிலக்கு. வருஷச் சந்தா எடுக்கிறதுக்கு முன்னாடி, உங்க மொபைல் பிளான்லயும் வீட்டு பிராட்பேண்ட்லயும் எது ஏற்கனவே சேர்ந்து வருதுன்னு பாருங்க. ஒரே ஓடிடிக்கு மூணு வழியில காசு கட்டுற வீடுகள் உண்டு.

ஸ்மார்ட் டிவியோட விலை ஏன் இவ்வளவு குறைஞ்சதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஸ்கிரீன் தயாரிக்கிற செலவு குறைஞ்சது ஒரு காரணம். இன்னொரு காரணம், டிவியை வித்த பிறகும் அது கம்பெனிக்கு சம்பாதிச்சுக் குடுக்குது. அமெரிக்காவுல விஜியோன்ற டிவி கம்பெனி, 1.1 கோடி டிவிகள்ல மக்கள் என்ன பார்க்கிறாங்கன்னு, கேட்காமலேயே சேகரிச்ச வழக்குல 2017ல 22 லட்சம் டாலர் கட்டிச்சு. பின்னாடி அதே கம்பெனிக்கு, டிவி விற்கிறதை விட விளம்பரம், டேட்டா பக்கத்துல அதிக லாபம் வந்த காலாண்டும் இருக்கு. உங்க டிவி செட்டிங்ஸ்ல பிரைவசி பகுதிக்குப் போய், பார்க்கிற தகவலைப் பகிர்றது, விளம்பரத்தை உங்களுக்கேத்த மாதிரி காட்டுறதுன்னு இருக்கிறதை எல்லாம் ஆஃப் பண்ணிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. இந்தச் சுவிட்சாவது நம்ம கையில இருக்கு.

ஆட்டோபே: உங்களுக்குக் குடுத்த சுவிட்சை யூஸ் பண்ணுங்க

இந்த விஷயத்துல ரிசர்வ் வங்கி நமக்கு நல்லதுதான் செஞ்சிருக்கு. 2021 அக்டோபர்ல இருந்து, கார்டிலயோ யுபிஐயிலயோ தானா பிடிக்கிற சந்தாவுக்கு, முதல் தடவை உங்க ஒப்புதல் கட்டாயம். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும். வேணாம்னா நிறுத்துற வசதியும் இருக்கணும். 15,000 ரூபாய்க்கு மேல போனா, பொதுவா ஒவ்வொரு தடவையும் உங்க அனுமதி வேணும். மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு பில்லுக்கு மட்டும் அந்த வரம்பு 1 லட்சம்.

நம்ம சந்தா எல்லாம் 15,000க்குக் கீழதான். அதனால அந்த 24 மணி நேர மெசேஜ்தான் உங்களுக்கு இருக்கிற ஒரே அலாரம். அதையும் புரமோஷன் மெசேஜ் கூட்டத்துல தொலைச்சுடுறோம்.

முக்கியமா ஒண்ணு: போன்ல இருந்து ஆப்பை டெலீட் பண்ணினா சந்தா நிக்காது. மாண்டேட் பேங்க்ல உயிரோடதான் இருக்கும். "1 ரூபாய்க்கு 7 நாள் டிரையல்"னு வர்றது எல்லாமே அந்த மாண்டேட்டை வாங்குறதுக்குத்தான். உங்க யுபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்க. கார்டுல குடுத்திருந்தா பேங்க் ஆப்ல, ஆப் ஸ்டோர் வழியா எடுத்திருந்தா அந்த ஸ்டோரோட சந்தா பக்கத்துல இருக்கும். மூணையும் பார்க்கணும்.

கேன்சல் பட்டனையே ஒளிச்சு வெச்சிருந்தா? அதுக்கும் விதி இருக்கு. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகையான ஏமாத்து டிசைன்களைத் தடை பண்ணி வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. சந்தாவுல சிக்க வெச்சு வெளிய விடாம பண்றது அதுல ஒண்ணு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு புகார் பண்ணுங்க.

செக்யூரிட்டி: இங்க சுவிட்ச் உங்ககிட்டதான் இருக்கு

இப்போ மெயின் மேட்டருக்கு வர்றேன். மாசம் 300 ரூபாய் சந்தா வீணாப் போனா வருஷத்துக்கு 3,600 ரூபாய். வலிக்கும், ஆனா தாங்கிடலாம். உங்க சம்பள அக்கவுண்ட், எமர்ஜென்சி ஃபண்ட், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இருக்கிற ஒரே போன் தப்பான கைக்குப் போனா? அஞ்சு வருஷம் சேர்த்தது ஒரு சாயங்காலத்துல போயிடும். நம்ம தலைமுறையோட பீரோ சாவி போன்தான். அதைப் பத்திரமா வெச்சுக்க பெரிய செலவும் கிடையாது.

முதல்ல அப்டேட். 2017 மே மாசம் வன்னாக்ரைன்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்குச்சு, பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் வரைக்கும். அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடி, மார்ச்லயே குடுத்தாச்சு. போடாதவங்கதான் மாட்டினாங்க. "அப்டேட் போட்டா போன் ஸ்லோ ஆகும்"னு தள்ளிப் போடுறவங்க இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

போன் வாங்குறப்பவும் கேமராவுக்கு முன்னாடி, செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம்னு பாருங்க. ஒரு கணக்கு போடுவோம். 18,000 ரூபாய் போன், 2 வருஷம்தான் அப்டேட்னா, வருஷத்துக்கு 9,000. 33,000 ரூபாய் போன், 6 வருஷம் அப்டேட்னா, வருஷத்துக்கு 5,500. விலை அதிகமா தெரியுறதுதான் மலிவு. கூகுள் பிக்சல் 8லயும் சாம்சங் எஸ்24லயும் 7 வருஷ அப்டேட்னு அறிவிச்சதுக்கு அப்புறம் இந்தப் போட்டி கொஞ்சம் நல்லாவே போகுது. ஆனா இந்தக் கணக்கு, போனை அத்தனை வருஷம் நீங்க வெச்சிருந்தாத்தான் செல்லும். ரெண்டு வருஷத்துல மாத்தப் போறீங்கன்னா சொல்லாதீங்க, எனக்கு நெஞ்சு வலிக்கும்.

அடுத்தது ஈமெயில். எந்த ஆப்லயும் "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு குடுத்தா லிங்க் எங்க வருது? ஈமெயிலுக்கு. அதனால அந்த ஒரு அக்கவுண்ட்டுக்காவது வேற எங்கயும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டும், ரெண்டடுக்கு சரிபார்ப்பும் வைங்க. மத்த பாஸ்வேர்டுகளுக்கு பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போதும், இலவச பிளானே தாராளம். "லாஸ்ட்பாஸ் 2022ல ஹேக் ஆச்சே"ன்னு கேட்பீங்க. ஆமா, என்கிரிப்ட் பண்ணின பெட்டகங்களோட நகலைத் திருடினாங்க. அதனால மாஸ்டர் பாஸ்வேர்டு பலமா இருக்கணும். அதுக்காக எல்லா ஆப்லயும் ஒரே பாஸ்வேர்டு வைக்கிறது பதில் ஆகாது. ஏதோ ஒரு சின்ன ஷாப்பிங் தளம் உடைஞ்சா உங்க எல்லாக் கதவும் திறந்துடும்.

மூணாவது, இலவசமா கிடைக்கிற கிராக் சாஃப்ட்வேர், மாட் ஏபிகே. 'பிரீமியம் அன்லாக்'னு வாட்ஸ்அப்ல வர்ற ஃபைல்ல என்ன சேர்த்திருக்காங்கன்னு உங்களால பார்க்க முடியாது. அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு நீங்க குடுத்துட்டா, ஓடிபி எல்லாம் இன்னொருத்தர் ஸ்கிரீன்ல தெரியும். 149 ரூபாய் சந்தாவை மிச்சம் பிடிக்க, சம்பள அக்கவுண்ட்டை அடமானம் வைக்கிற வேலை இது. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான்னு பேர் வெச்சு வர்ற ஏபிகேவும் அதே ரகம். அப்பா அம்மா போன்லயும் சொல்லி வைங்க.

நாலாவது, சம்பள அக்கவுண்ட்டையும் ஜிபே, போன்பே அக்கவுண்ட்டையும் பிரிச்சு வைங்க. சேமிப்பு இருக்கிற அக்கவுண்ட்டை யுபிஐயில இணைக்காதீங்க. மாசச் செலவுக்கு வேண்டியதை மட்டும் இன்னொரு அக்கவுண்ட்டுக்கு மாத்தி அதை இணைங்க. சந்தா மாண்டேட் எல்லாமே அந்த சின்ன அக்கவுண்ட்லதான் இருக்கணும். ஒரே வேலையில பட்ஜெட்டும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம்தான் செய்வீங்கன்னா, இதைச் செய்யுங்க.

எல்லாம் பண்ணியும் பணம் போயிட்டா, அழுதுட்டு உட்காராம உடனே 1930க்குக் கூப்பிடுங்க. பேங்க்லயும் உடனே புகார் குடுத்து, புகார் எண்ணை வாங்கி வைங்க. ரிசர்வ் வங்கி 2017ல கொண்டுவந்த விதிப்படி, உங்க மேலயும் பேங்க் மேலயும் தப்பு இல்லாம, வேற எங்கயோ இருந்த ஓட்டையால பணம் போனா, தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் இல்ல. 4ல இருந்து 7 நாளுக்குள்ளன்னா ஒரு வரம்பு வரைக்கும் உங்க தலையில விழும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தா, புகார் பண்ற வரைக்கும் போனது உங்களோடது, புகாருக்கு அப்புறம் போறது பேங்க்கோடது. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை இருக்குன்றதை இந்த விதியே சொல்லுது. போனே தொலைஞ்சா, சிம்மை பிளாக் பண்ணிட்டு, அரசோட சஞ்சார் சாத்தி போர்ட்டல்ல போனையும் பிளாக் பண்ணலாம்.

"இவ்வளவு கணக்கு பார்த்தா வாழ்க்கையை எப்போ வாழுறது?"

நியாயமான கேள்வி. வாடகை கட்டுறது கேவலம் இல்ல. நாம பாதி பேர் சென்னையிலயும் பெங்களூருலயும் வாடகை வீட்லதான் இருக்கோம், சந்தோஷமாத்தான் இருக்கோம். ஆனா வாடகை வீட்டுக்கு யாரும் சொந்தக் காசுல மாடி கட்ட மாட்டோம் இல்லையா? அதே மனநிலைதான் இங்கயும் வேணும். கேம், ஓடிடி, சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் சேர்த்து மாசத்துக்கு ஒரு தொகை. என்னைக் கேட்டா, கையில வர்ற சம்பளத்துல 2 சதவீதம் நல்ல அளவு. 40,000 சம்பளம்னா 800 ரூபாய். அதுக்குள்ள என்ன வேணா அனுபவிங்க, குற்ற உணர்ச்சியே வேணாம்.

சரி, மிச்சம் பிடிச்சா என்ன ஆயிடும்? மாசம் 1,000 ரூபாய் மிச்சம் ஆச்சு, அதை எஸ்ஐபியில போட்டு, வருஷத்துக்கு 10 சதவீதம் வருதுன்னு வெச்சுக்கிட்டா, 10 வருஷத்துல சுமார் 2 லட்சம். நீங்க போட்டது 1.2 லட்சம். ஃபண்ட் வருமானத்துக்கு உத்தரவாதம் கிடையாது, கூடலாம், குறையலாம். இது உங்களைக் கோடீஸ்வரன் ஆக்காது. ஆனா அந்த 2 லட்சத்தோட சுவிட்ச் உங்க கையில இருக்கும். வேலை போனா, வீட்ல யாருக்காவது உடம்பு முடியலன்னா, எடுத்துக்கலாம். பத்து வருஷச் சந்தாவால அந்த நேரத்துல ஒரு ரூபாய் கூடத் திரும்பி வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. மூணு இடத்துலயும் ஆட்டோபே லிஸ்ட் எடுத்து, போன மாசம் தொடாததை எல்லாம் நிறுத்துங்க. ஈமெயில் பாஸ்வேர்டை மாத்தி ரெண்டடுக்கு சரிபார்ப்பு போடுங்க. யுபிஐக்குத் தனி அக்கவுண்ட் வைங்க. முடிச்சுட்டு சாயங்காலம் நிம்மதியா உட்கார்ந்து பாதியில விட்ட சீரிஸைப் பாருங்க, அதான் இந்த மாசத்துக்குக் காசு கட்டியாச்சே. எத்தனை மாண்டேட் சிக்குச்சு, மாசம் எவ்வளவு மிச்சம்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வீடியோவுல அந்த நம்பரை வெச்சே பேசுவோம்.